கடல் எந்தப் பக்கம்?

இரண்டு வருடங்களுக்கு முன், தரம் 6 பிள்ளைகளுக்குத் திசைகள் பாடம் முடிந்ததும் ஐந்து கேள்விகள் கொடுத்தேன். ‘உங்கள் வீட்டிலிருந்து கடல் எந்தத் திசையில் இருக்கிறது?’ என்பது அதில் ஒன்று. வகுப்பில் 38 பேர். அநேகமாக எல்லோரும் கிழக்கு என்று எழுதியிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் மேற்கு என்று எழுதியிருந்தாள். நான் அதை வெட்டி, பக்கத்தில் சிவப்புப் பேனையால் ‘கிழக்கு’ என்று எழுதிக் கொடுத்தேன். அவள் கொப்பியை வாங்கிக்கொண்டு பேசாமல் போய் இருந்துவிட்டாள்.

நான் வவுனியாவில் பிறந்து வளர்ந்தவள். இடமாற்றம் கிடைத்துத் திருகோணமலைக்கு வந்த முதல் வருடம் அது. வகுப்புச் சுவரில் தொங்கும் இலங்கைப் படத்தில் திருகோணமலை கிழக்குக் கரையில் இருக்கிறது, ஆகவே கடல் கிழக்கில் என்பதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. சில கிழமைகள் கழித்து ஒரு பின்னேரம் உட்துறைமுக வீதியால் நடந்து போனேன். எனக்கு முன்னால் கடல், அதற்கு அப்பால் எதிர்க்கரை, அந்தக் கரைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே அந்தப் பிள்ளையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவளுடைய வீடு அந்தப் பக்கம்தான்.

இந்த ஊரின் அமைப்பு அப்படி. நகரம் நிலத்தின் ஒடுங்கிய கழுத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் டச்சுக்குடா, காலையில் சூரியன் கடலுக்கு மேலே எழும். மறுபக்கம் உட்துறைமுகம், மாலையில் தண்ணீருக்கு அப்பால் இறங்கும். பிரட்றிக் கோட்டைக்குள்ளால் நடந்து கோணேசர் கோயிலடிக்கு ஏறி நின்றால் மூன்று பக்கமும் கடல். இங்கே பிறந்த பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது நடந்து நடந்து காலுக்குத் தெரிந்த விஷயம். எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டு, “நீ எழுதினது சரி பிள்ளை. ஏன் எனக்குச் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“ரீச்சர் பிழை எண்டு போட்டா பிழைதானே” என்றாள்.

அந்தப் பதில் இன்றைக்கும் என்னை விடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி மாதத்தை நான் வேறு மாதிரிப் படிப்பிக்கிறேன். எண் கோடு, மதிப்பிடலும் மட்டந்தட்டலும், கோணங்கள், திசைகள் என்று இந்த மாதம் எங்கள் வகுப்பில் போய்க்கொண்டிருக்கும் பாடங்களை வைத்து நான் கண்டதை எழுதுகிறேன். தரம் 6 இல் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கும், புதிதாக இந்த வகுப்பை எடுத்திருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவலாம்.

தரம் 6 பிள்ளைகள் எங்களிடம் வரும்போது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் களைப்போடுதான் வருகிறார்கள். இரண்டு வருடம் ரியூசன், ஞாயிற்றுக்கிழமையும் மாதிரி வினாத்தாள், நான்கோ மூன்றோ விடைகளில் ஒன்றின் கீழ் கோடு. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவரும் கீழே எடுத்தவரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள், யார் எவர் என்பது வகுப்பு முழுக்கத் தெரியும். ஒரே வகுப்பாசிரியரோடு நாள் முழுக்க இருந்த பிள்ளைக்கு இப்போது பாடத்துக்கொரு மணி, மணிக்கொரு முகம். முதல் கிழமை நான் எதைக் கேட்டாலும் கை தூக்குவது ஐந்து பேர்தான். மற்றவர்களுக்கு விடை தெரியாமல் இல்லை, பிழைத்துவிடுமோ என்ற பயம்.

எண் கோட்டில் மறை எண்கள் வரும்போது இந்தப் பயம் நன்றாக வெளியே தெரியும். பூச்சியத்துக்குக் கீழே எண் இருக்கிறது என்பதை இவர்கள் முதல்முறையாகப் படிக்கிறார்கள். குளிர் நாடுகளின் வெப்பநிலையைச் சொல்லி விளங்கப்படுத்திப் பார்த்தேன். திருகோணமலைப் பிள்ளைக்குப் பூச்சியப் பாகை என்றால் ஐஸ் பெட்டிதான், அதற்குக் கீழே என்ன என்பது உடம்புக்குத் தெரியாது. ஆகவே கடலை எடுத்தேன். கரும்பலகையில் அலை மாதிரி ஒரு கோடு கீறி அதைப் பூச்சியம் என்றேன். மேலே தென்னை மரம், பருந்து. கீழே மீன்கள். சய 3 இல், அதாவது பூச்சியத்துக்கு மூன்று கீழே, ஒரு மீன், சய 7 இல் இன்னொன்று. “எந்த எண் பெரிசு?” என்று கேட்டேன்.

திருக்கடலூரில் இருந்து வரும் ஒரு பையன், வருடம் தொடங்கியதில் இருந்து வாயே திறக்காதவன், “சய ஏழு” என்றான். முன்வாங்கில் சிரிப்புச் சத்தம். எனக்கும் ‘இல்லை’ என்ற சொல் வாய்க்குள் வந்துவிட்டது. உட்துறைமுக வீதி ஞாபகம் வந்ததால் நிறுத்திக்கொண்டு, “ஏன் தம்பி?” என்று கேட்டேன்.

“ஏழு பாகம் மூண்டு பாகத்தைவிட ஆழம்தானே ரீச்சர்.”

பாகம் என்பது கடலில் ஆழம் அளக்கும் அளவு. அவன் சொன்னது முழுச் சரி. ஆழத்தைக் கேட்டால் ஏழுதான் கூட. நான் கேட்டது இடத்தை, அவன் சொன்னது தூரத்தை. ‘எது பெரிசு?’ என்ற என்னுடைய கேள்வியே இரண்டுக்கும் இடமளித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல்லோடு நான் தொடங்குவதில்லை. “எது மேலே இருக்கு?” என்று கேட்கிறேன். எந்த மீன் மேலே என்று கேட்டால் ஒரு பிள்ளையும் பிழைவிடாது. சய 3, சய 7 க்கு மேலே. ஆகவே சய 3 பெரிது. மேலே இருப்பதைப் பெரிது என்று சொல்வது கணிதக்காரர் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு என்றும் சொல்லிவிடுகிறேன். ‘பூச்சியத்தில் இருந்து எது தூரம்?’ என்பதைத் தனிக் கேள்வியாகக் கேட்கிறேன். இரண்டும் இரண்டு என்று தெரிந்துவிட்டால் குழப்பம் போய்விடுகிறது.

புதிய ஆசிரியர்களுக்கு இதில் ஒன்று சொல்வேன். எண் கோட்டை முதலில் நிலைக்குத்தாகக் கீறுங்கள். பிள்ளைகள் அதில் பழகிய பிறகு ஒரு தடியைக் கையில் பிடித்து, மேல் நுனி வலப்பக்கம் வரும்படி மெல்லச் சாய்த்துக் காட்டுங்கள். புத்தகத்தில் இருக்கும் கிடையான எண் கோடு அப்படித்தான் வந்தது என்று அவர்களே சொல்வார்கள். இடது, வலது என்று தொடங்கினால் சய 7 ஏன் சிறியது என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டி வரும். கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடன் கொப்பியைச் சொல்லலாம் என்று சிலர் நினைப்பார்கள். நானும் செய்து பார்த்தேன். 700 ரூபாய் கடன் 300 ரூபாய் கடனைவிடக் கூட என்று அங்கேயும் அதே சிக்கல் வரும், அங்கே மேலும் கீழும் என்று காட்டுவதற்குப் படமும் இல்லை. கடல்தான் நல்லது.

அந்தப் பையனின் அப்பா பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தார். “எனக்குப் படிப்பு அவ்வளவு இல்ல ரீச்சர், வீட்டில சொல்லிக் குடுக்க ஆளில்ல” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பாகம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு கைகளையும் அகல விரித்து, “இந்த விரலில இருந்து அந்த விரல் வரைக்கும். ஆறடி வரும். ஈயக்குண்டைக் கயித்தில கட்டி இறக்கிப்போட்டு, இழுக்கேக்க இப்பிடி இப்பிடி அளந்து எண்ணுவம்” என்று செய்தே காட்டினார். அடுத்த நாள் மகன் அதை வகுப்பில் செய்து காட்டினான். தன்னுடைய கைக்குப் பாகம் சின்னது, அப்பாவின் கைக்குப் பெரியது, ஆகவே யார் அளந்தது என்று கேட்க வேண்டும் என்று அவனே சொன்னான். நியம அலகு ஏன் வேண்டும் என்று அடுத்த தவணையில் நான் படிப்பிக்க இருந்த விஷயம் அது.

மதிப்பிடலும் மட்டந்தட்டலும் சுலபமான பாடம், கிட்டிய பத்துக்கு 34 என்றால் 30, 36 என்றால் 40, 35 வந்தாலும் 40. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘48 ஐயும் 33 ஐயும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு?’ என்றால் பிள்ளைகள் களவாக 81 என்று கூட்டிப்போட்டு அதை 80 ஆக்கி எழுதுவார்கள். மதிப்பிடவே இல்லை. சரியான விடை எங்கேயோ இருக்கிறது, அதைத் தொடாமல் எதையும் எழுதக் கூடாது என்று பழகிவிட்டார்கள். நான் ஒரு போத்தலில் புளியங்கொட்டையை நிரப்பி ஐந்து செக்கன் காட்டிவிட்டு மறைத்துவிடுவேன். அதில் கூட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. எழுதத்தான் வேண்டும். பிறகு பத்துப் பத்தாக எண்ணிப் பார்ப்போம். கிட்ட வந்தவருக்கு நான் புள்ளி கொடுப்பதில்லை, எப்படி நினைத்தார் என்று மட்டும் எல்லோருக்கும் சொல்லச் சொல்வேன்.

கோணத்தில் வருடா வருடம் ஒரே தடுமாற்றம்: புயங்கள் நீளமாக இருந்தால் கோணம் பெரிது என்று நினைப்பார்கள். இரண்டு நீளமான ஈர்க்கையும் இரண்டு குட்டை ஈர்க்கையும் நுனியில் நூலால் கட்டி, ஒரே அளவு விரித்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்கச் சொன்னால் தீர்ந்தது. பாகைமானியை இந்த வகுப்பில் அவசரப்பட்டுக் கையில் கொடுக்காதீர்கள். கடதாசியை இரண்டு தரம் மடித்தால் ஒரு செங்கோணம் கிடைக்கும், அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டில் கதவு, யன்னல், அம்மியடி எல்லாம் வைத்துப் பார்க்கட்டும். கூர்ங்கோணம், விரிகோணம் என்ற பெயர்கள் தானாக வந்து ஒட்டும்.

திசைகளுக்குத்தான் நான் இந்த மாதம் கூட நேரம் ஒதுக்குகிறேன். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று நாலும் தெரியும். வடகிழக்கு, தென்கிழக்கு, தென்மேற்கு, வடமேற்கு என்று இடைப்பட்ட நாலும் புதிதாக வருகின்றன என்று பாடத்தை ஆரம்பித்தேன். “புதுசில்ல ரீச்சர்” என்றது ஒரு பிள்ளை. அவர்கள் வீடு கட்டுகிறார்களாம். மேசன்மாரோடு அம்மம்மா கதைக்கும்போது கேட்டிருக்கிறது: ஈசான மூலை, அக்கினி மூலை, கன்னி மூலை, வாயு மூலை. கரும்பலகையில் கீறிப் பார்த்தோம். அச்சொட்டாக அதே நாலு. மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடம் காற்றைக் கேட்டேன். வாடை வடக்கில் இருந்து, கொண்டல் கிழக்கில் இருந்து, கச்சான் மேற்கால். அதைச் சுற்றி ஒரு நல்ல கதை நடந்தது, ஏனென்றால் காற்றுக்கு அது வரும் திசையின் பெயர், நாங்கள் நடந்தால் போகும் திசையைச் சொல்கிறோம். அங்கேயும் சிலருக்கு முதலில் பிழைத்தது, ஏன் பிழைத்தது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அப்போது ஒரு முஸ்லிம் பிள்ளை, “நாங்க மேற்குப் பக்கம் பாத்துத் தொழுறம் ரீச்சர். ஆனா எங்கட வாப்பா நேர் மேற்கு இல்ல, கொஞ்சம் வடக்கால சாய்வு எண்டு சொல்லுவார்” என்றான். எனக்கு அது புதிது. வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தேன். திருகோணமலையில் இருந்து மக்காவின் திசை மேற்கில் இருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்குப் பக்கம் வருகிறது. மேற்குக்கும் வடமேற்குக்கும் கிட்டத்தட்ட நட்ட நடு. எட்டுத் திசை போதாத இடம் ஒன்று வகுப்புக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அடுத்த நாள் பிள்ளைகள் எட்டைப் பதினாறாகப் பிரித்தார்கள். அது பாடத்திட்டத்தில் இல்லை, பத்து நிமிடம்தான் எடுத்தது.

ஆனால் வடக்கு எங்கே இருக்கிறது என்று யாருக்கு உறுதியாகத் தெரியும்? “சூரியன் எழும்புற பக்கம் கிழக்கு” என்றார்கள். பெப்ரவரியில் அது சரியில்லை. மார்ச்சிலும் செப்ரெம்பரிலும் ஓரிரு நாள்தான் சூரியன் நேர் கிழக்கில் எழும். இந்த மாத நடுவில் பத்துப் பதின்மூன்று பாகை தெற்குப் பக்கம் தள்ளித்தான் எழுகிறது. ஆகவே மைதானத்தில் தடி நட்டோம். இதை யாரும் செய்யலாம், செலவு இல்லை.

ஒரு மீற்றர் உயரத்துக்கு நேரான தடி. நூலில் கல்லைக் கட்டித் தூக்குக்குண்டு மாதிரி பிடித்து, தடி நிலைக்குத்தாக நிற்கிறதா என்று இரண்டு பக்கத்தால் பார்க்க வேண்டும், நிலைக்குத்தும் கிடையும் இந்தப் பாடத்திலேயே வருகின்றன. மத்தியானத்துக்கு முன் ஏதாவது ஒரு நேரத்தில் நிழலின் நுனியில் ஒரு ஆணியை அடியுங்கள். தடியின் அடியில் கயிற்றைக் கட்டி, அந்த ஆணி வரை நீளம் எடுத்து, நிலத்தில் வட்டம் கீறுங்கள். நிழல் குறுகி வட்டத்துக்குள் போகும், பிறகு நீண்டு மறுபக்கம் வட்டத்தை வந்து தொடும். தொடும் இடத்தில் இரண்டாவது ஆணி. இரண்டு ஆணியையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. அதன் நடுவுக்குத் தடியடியில் இருந்து கோடு இழுத்தால் வடக்கு. முதல் நாள் முகில் வந்து பழுதாக்கிவிட்டது. இரண்டாம் நாள் சிவராத்திரிக்கு அடுத்த நாள், கோயிலில் கண்விழித்துவிட்டு வந்தவர்கள் பாதிப்பேர் மரத்தடியில் தூங்கி வழிந்தார்கள். மூன்றாம் நாள்தான் சரிவந்தது.

முதல் ஆணி 11.20 க்கு அடித்தோம், நிழல் 49 சென்ரிமீற்றர். நடுவில் 39 வரை குறுகியது. 1.30 க்குப் பாடசாலை விடும், அதற்குள் வருமோ வராதோ என்று எனக்கே பதைப்பு. 1.20 க்கு நுனி வட்டத்தைத் தொட்டது. கத்தின கத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வெளியே வந்து பார்த்தார்.

கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தபோது முன்பு சய ஏழு என்று சொன்ன அந்தப் பையன் என்னிடம் வந்தான். “ரீச்சர், 11.20 க்கும் 1.20 க்கும் நடு 12.20. ஆனா உச்சி 12 மணிக்கெல்லோ?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது, நாளைக்குச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஆசிரியர் தெரியாது என்று சொல்வதைக் கேட்ட முகங்களைப் பார்க்க வேண்டும். இரவு இருந்து வாசித்தேன். எங்கள் மணிக்கூடு 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு வைத்தது. திருகோணமலை 81¼ பாகையில் இருக்கிறது. பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுற்றுகிறது, அப்படியென்றால் ஒரு பாகைக்கு 4 நிமிடம், எங்கள் ஊருக்கு 5 நிமிடம் பிந்துகிறது. இதை அடுத்த நாள் பிள்ளைகளே வகுத்துப் பார்த்தார்கள். மிச்சம் ஏறத்தாழ 14 நிமிடம் பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அச்சு சரிந்திருப்பதாலும் வருவது. அது பெப்ரவரியில் அதிகம், ஏப்ரலில் அநேகமாக இல்லை.

பெற்றோருக்கு ஒரு சின்ன விஷயம். “இண்டைக்கு என்ன படிச்சனீ?” என்று கேட்டால் “ஒண்டுமில்ல” என்றுதான் பதில் வரும். “இண்டைக்கு ஆரிட விடை உன்ர விடைக்கு வேறயா இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். என்னுடைய மகளிடம் அப்படிக் கேட்டு இருபது நிமிடம் கதை கேட்டிருக்கிறேன். கொப்பியில் பிழை போட்டிருந்தால் திருத்திக் கொடுக்க முதல், பிள்ளை எதை நினைத்து எழுதியது என்று கேளுங்கள். பிள்ளை சொன்னது நியாயமாகப் பட்டால் கொப்பியோடு ஆசிரியரிடம் வாருங்கள். என்னிடம் வந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

திங்கட்கிழமை பின்னங்கள் தொடங்குகின்றன. தடியை இன்னும் பிடுங்கவில்லை. மார்ச் நடுவில் இன்னொரு தரம் அளக்கப் போகிறோம், நிழல் இதைவிடக் குட்டையாக இருக்க வேண்டும் என்று வகுப்பு எதிர்பார்க்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வரும், 12 மணி தாண்டி ஐந்தாறு நிமிடத்தில் தடிக்கு நிழலே இருக்காது என்று சொல்லியிருக்கிறேன். அப்போது பாடசாலை விடுமுறை. யாருடைய வீட்டு முற்றத்தில் தடி நடுவது என்று இப்போதே பேச்சு நடக்கிறது. திருக்கடலூர்ப் பையன் தங்கள் வீட்டில் நடலாம், மரம் மறைக்காது, அப்பாவிடம் கேட்டுவிட்டேன் என்கிறான்.